மார்பக மறுசீரமைப்பும் நம் குடும்பங்களும்

(சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இப்பொருளைத் தமிழ்ச் சங்க மேடையில் பேசலாமா என்று நம்மிற் சிலர் தயங்கியதை அறிவோம். தன் மார்பைத் திருகி எறிந்த கண்ணகிக்குக் கோயில் எடுத்த மரபு நம்முடையது. ஆயினும் நம் வீட்டுப் பெண்ணொருத்தி புற்றுநோயால் மார்பகம் இழந்து வந்தால், அதனைப் பெயர் சொல்லிப் பேசவும் கூசுகின்றோம். இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. இங்கே பரேலில் 1941இல் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையையும், சென்னை அடையாற்றில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையையும் கேள்விப்படாத குடும்பம் நம்மிடையே அரிது.

“உயிர் பிழைத்ததே பெரிது, இந்த வயதில் அழகு எதற்கு?” என்பார் உளர். அழகு மட்டுமா இது? ஒருபுறம் பாரம் குறைய, தோள் சாய்கின்றது. திருமண வீட்டிற்குப் புறப்படுமுன் துணியை மடித்து ரவிக்கைக்குள் ஊசியால் குத்திக்கொள்ள வேண்டியிருக்கின்றது. மின்சார ரயிலின் நெரிசலில் அது நழுவிவிடுமோ என்ற அச்சம் வேறு. இவற்றை அவள் யாரிடம் சொல்வாள்?

மருத்துவ உலகமும் நெடுநாள் இதனைப் புறக்கணித்தது. அமெரிக்கரான ஹால்ஸ்டெட் 1890களில் பரப்பிய முறையில் மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளும் அக்குளின் நிணநீர்க் கணுக்களும் ஒருங்கே அகற்றப்பட்டன. அவ்விடத்தை மூடிச் சீரமைத்தால் நோய் திரும்புவது மறைந்துபோகும் என அஞ்சினர். இத்தாலியரான தான்சினி 1906இலேயே முதுகுத் தசையையும் தோலையும் முன்புறம் திருப்பி அப்புண்ணை மூடிக் காட்டினார். அம்முறை 1970களில்தான் மீண்டும் உயிர்பெற்றது. சீரமைப்பினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்று வழிகள் இரண்டு. ஒன்று, சிலிக்கோன் பை பொருத்துதல். பல வேளைகளில் முதலில் ஒரு வெறும் பையை வைத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக உப்புநீர் செலுத்தித் தோலை விரிப்பர். பின்னரே நிலையான பை. நிலையான என்றோமே, அதுவும் ஆயுள் முழுமைக்கும் உரியதன்று, மாற்ற நேரலாம். கதிர்வீச்சு பெற்ற மார்பில் பையைச் சூழ்ந்து இறுகுவதும் உண்டு.

மற்றொன்று, தன் உடலின் சதையையே கொண்டு அமைத்தல். அமெரிக்க மருத்துவர் ஹார்ட்ராம்ஃப் 1982இல் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையோடு மேலேற்றும் முறையை வெளியிட்டார். பின்னர்த் தசையை அங்கேயே விட்டு, தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, அவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் துணையால் மார்புக் குழாய்களோடு தைக்கும் முறை வந்தது. பிள்ளை பெற்றுத் தளர்ந்த வயிறு, கண்டவரெல்லாம் குறை கூறும் அவ்வயிறு, இங்கே செல்வமாகின்றது! ஆனால் இது பல மணி நேர அறுவை. சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவர்க்குப் புண் ஆறுவது கடினம். நம் குடும்பங்களில் இதனை மறத்தலாகாது.

புதிய மார்பகத்தில் பழைய உணர்ச்சி முழுமையாகத் திரும்புவதில்லை. இதனை முன்னரே சொல்லாமல் விடுவது கொடுமை. எல்லாம் கேட்டபின், “எனக்கு வேண்டா” என்று ஒருத்தி சொன்னால் அதுவும் முழு விடையே. நாம் வருந்துவது அவளைக் கேளாமலே கணவரும் மைந்தரும் மருத்துவர் அறையில் விடை சொல்லிவிடுவதைக் குறித்துத்தான்.

கேட்க வேண்டிய காலம் அகற்றும் அறுவைக்கு முன். அப்போதே திட்டமிட்டால் மார்பின் தோலைக் காத்துக்கொள்ள இயலும். ஆண்டுகள் கழிந்தவர்க்கும் வழி அடைபடவில்லை. செலவைப் பொறுத்தவரை ஒரு செய்தி: அழகுக்கான அறுவைகளைக் காப்பீட்டிலிருந்து விலக்கும் விதியை 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்தபோது, புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பை அவ்விலக்கிற்கு உட்படுத்தவில்லை. வீட்டில் காப்பீட்டுப் பத்திரம் இருப்பின், இன்றிரவே எடுத்து அவ்வரியைத் தேடிப் பாருங்கள்.