வலி நின்ற பல்



பல் போனாற் சொல் போகும் என்பது நாமெல்லோரும் அறிந்த பழமொழி. பல்லினால் உயிரும் போகக்கூடும் என்று நான் சொன்னால், பள்ளிக்கூடத்து அதிபர் பிள்ளைகளை வெருட்டும் பேச்சு இது என்று உங்களிற் சிலர் நகைக்கலாம். நான் வைத்தியனல்லன், கலைப்பட்டம் பெற்று வன்னிப் பெருநிலப்பரப்பிலே ஆசிரியத் தொழில் பார்த்து வருபவன். வைத்தியம் அறிந்தோர் எழுதியவற்றைப் படித்தும், பல் வைத்தியர்களிடம் கேட்டும், பாடசாலையிற் கண்ணாற் கண்டும் தெரிந்துகொண்ட ஒரு செய்தியை மாத்திரம் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

பல்வலியை நம்மூரிற் ‘பல்லுக்கொதி’ என்போம். மிகப் பொருத்தமான சொல். இரவிலே தொடங்கும், தலையணையிற் கன்னத்தை வைக்க இயலாது, காதுவரை இழுக்கும். இரண்டு நாள், மூன்று நாள் இப்படி வருத்திவிட்டு, ஒருநாட் காலையில் அந்த வலி திடீரென மறைந்து போகும். வீட்டார் மகிழ்வர். கராம்பு கேட்டது என்பார் ஒருவர். உப்புநீர் கேட்டது என்பார் இன்னொருவர். பல் வைத்தியரிடம் போகும் எண்ணம் அன்றோடு கைவிடப்படும். உண்மையில் அந்தக் காலையிலே நடந்தது யாது? பல்லுக்குள்ளே இருந்த நரம்பு இறந்துவிட்டது. வலியை அறிவிக்க வேண்டிய தூதுவன் மாண்டுபோனான். பகைவனோ உள்ளேதான் இருக்கின்றான்.

இதனைச் சிறிது விளக்குகின்றேன். பல்லின் வெண்மையான மேலுறை நம் உடம்பிலுள்ள பொருள்கள் எல்லாவற்றிலும் கடினமானது, எலும்பினும் கடினமானது. அதன் நடுவே மிருதுவான ஒரு பகுதி உண்டு. நரம்பும் இரத்தக் குழாய்களும் அங்கேதான் உள்ளன. நாம் உண்ணும் சீனியையும் மாப்பொருளையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் மேலுறையைக் கரைத்துச் சூத்தையாக்குகின்றது. சூத்தை நடுப்பகுதியைத் தொட்டவுடன் வலி எழுகின்றது. நடுப்பகுதி அழுகி இறந்தபின் வலி ஓய்கின்றது. ஆனாற் கிருமிகள் வேரின் நுனித் துவாரத்தினூடாகத் தாடை எலும்புக்குட் சென்று, அங்கே சிதல் கட்டத் தொடங்குகின்றன. முரசிற் சிறு பொக்களம் தோன்றி அது உடைந்து வடிந்துகொண்டிருந்தால் அது ஒருவகை நற்காலம். வழி கிடையாத சிதல் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கதையை இங்கே சொல்லலாம். சிறுபோக அறுவடைக் காலம். தந்தை கூலிக்கு வயலில் நின்றார். பையனுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் கொதித்தது, நின்றது. பத்து நாட் கழித்துத் தாடையின் கீழ் வீங்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டனர். துணியைச் சூடாக்கி ஒற்றினர். அறுவடை முடியட்டும், போகலாம் என்றிருந்தனர். வாய் ஒரு விரலளவுகூடத் திறவாத நிலையில், எச்சிலை விழுங்கமாட்டாமல் வடியவிட்டபடி இருந்தவனை ஒரு முச்சக்கர வண்டியிலே கொண்டு சென்றார்கள். தாடையின் கீழே கீறிச் சிதலை வெளியேற்றி, பல்லையும் பிடுங்கினார்கள். மூன்று வாரத்தின் பின் பாடசாலைக்கு வந்தான். அவன் பிழைத்தான், ஆனாற் பிழைக்காமற் போயிருக்கக் கூடிய நோய் அது.

அந்த நோய்க்கு வைத்திய உலகில் ஒரு பெயர் உண்டு. ஜேர்மனியிலே வூர்ட்டம்பேர்க் அரசவை வைத்தியராயிருந்த லுட்விக் என்பவர் 1836 ஆம் ஆண்டில் அதனை முதன்முதலில் விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் நாவின் அடித்தளத்துக்கும் கீழே இறங்கியிருக்கின்றன. அங்கிருந்து பரவும் கிருமி நாவின் கீழும் தாடையின் கீழும் இருபுறமும் மரக்கட்டைபோல் வீக்கத்தை உண்டாக்கும். நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்பட்டு மூச்சு வழி அடைபடும். பெனிசிலின் போன்ற மருந்துகள் வருமுன் இந்நோயுற்றவரிற் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று பெரும்பாலோர் பிழைக்கின்றனர். எனினும் நேரத்தோடு வைத்தியசாலையை அடைந்தால்தான்.

மேற்பற்களின் கிருமி வேறு வழியிற் செல்லும். கன்னத்தையும் கண்ணின் சுற்றையும் வீங்கச் செய்யும். முகத்து நாளங்கள் மண்டையோட்டினுள் இருக்கும் நாளங்களோடு தொடர்புடையன. ஆகையால் அது மூளைவரை போகவும் கூடும். செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலேயே, மேரிலாந்து மாநிலத்தில் 2007 பெப்ரவரியில் டியமான்ட் டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவன் இவ்வாறு இறந்தான். ஒரு சூத்தைப் பல்லின் கிருமி மூளைக்குப் பரவிவிட்டது. மூளையில் இரண்டு சத்திரசிகிச்சைகள் செய்தும் பயனில்லை. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டொலர் போதுமாயிருந்தது. அவனுக்குச் செய்த சிகிச்சைக்கோ ஏறக்குறைய இரண்டரை இலட்சம் டொலர் ஆயிற்று என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. ஏழைப் பிள்ளைகளின் பற்சிகிச்சைக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்ற குரல் அதன் பின்னரே அங்கு வலுத்தது. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையிற் பல்லைப் பிடுங்க ஒரு சதமும் கேட்பதில்லை. இதை எண்ணும்போது எனக்கு ஒருபுறம் பெருமையும் மறுபுறம் ஆதங்கமும் உண்டாகின்றன.

வலியின்மை நோயின்மையன்று என்பதற்கு நமது மலையகமே உலகுக்குச் சான்று தந்திருக்கின்றது. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரும் அவரைச் சேர்ந்தோரும் 1970 ஆம் ஆண்டில் 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை தொடர்ந்து கவனித்தனர். பற்சிகிச்சை என்பதையே அறியாதவர்கள் அவர்கள். சூத்தை அவர்களிடம் மிக அரிது. முரசு நோயோ எங்கும் இருந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு அது விரைந்து முற்றி, 45 வயதளவில் ஏறக்குறைய எல்லாப் பற்களும் போயின. முரசு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்திருந்தால் ஒருவேளை யாராவது அவர்களைக் கவனித்திருப்பார்கள்.

வாதக்காய்ச்சலினால் இதய வால்வு பழுதுற்றவர்களும் சலரோகக்காரரும் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பல்லிலிருந்து இரத்தத்திற் கலக்கும் கிருமி பழுதுற்ற வால்விலே குடியேறலாம். சலரோகமோ கிருமியை வளரவிடும். கிருமி சலரோகத்தை ஏற்றிவிடும்.

கைவைத்தியத்தை நான் இகழ மாட்டேன். 1990 களிலே பாதை மூடப்பட்டு, மருந்துக்குத் தடையிருந்த காலத்தில் இந்த மண்ணிலே ஒரு நோக்குளிசைக்கு அலைந்தவர்கள் நாங்கள். கராம்பும் உப்புநீருமே அன்று துணை. கராம்பு எண்ணெய்க்கு மரக்கச் செய்யும் குணம் மெய்யாகவே உண்டு. உப்புநீர் வாயைத் துப்புரவாக்கும். ஆனால் அவை வேரின் நுனிக்குப் போவதில்லை. அக்காலம் எமக்குப் பழக்கிவிட்ட பொறுமையை, பாதை திறந்து இத்தனை ஆண்டு கழிந்த பின்னும் நாம் விடவில்லை என்பதே என் கவலை. அஸ்பிரின் குளிசையைப் பல்லின் ஓரத்தில் அதக்கி வைப்பவரும் உளர். அது முரசைப் பொசுக்கிப் புண்ணாக்கும், அவ்வளவுதான்.

மற்றொரு பழக்கம், எப்போதோ மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை அயலவரிடம் வாங்கி விழுங்குவது. மருந்து இரத்தத்தின் வழியாகவே உடம்பெங்கும் செல்கின்றது. இறந்த பல்லுக்குள் இரத்தவோட்டம் இல்லை. ஆகவே மருந்து சுற்றுப்புறத்தை அடக்கும். பல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அடையாது. வீக்கம் வற்றும், மாத்திரை முடிந்ததும் மறுபடி கிளம்பும். பல்லைப் பிடுங்க வேண்டும். அல்லது வேர்க்குழாயைத் துப்புரவாக்கி அடைத்துப் பல்லைக் காப்பாற்ற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

‘போனோம், பிடுங்கவில்லை, மாத்திரை தந்து திருப்பிவிட்டார்கள்’ என்று சினப்போரையும் பார்க்கின்றேன். சிதல் கட்டிய இடத்தில் மரக்கும் ஊசி சரியாக வேலை செய்வதில்லை. ஆதலால் வைத்தியர் சிலவேளை வீக்கத்தை முதலில் தணியச் செய்வதுண்டு. அவர் குறித்த நாளில் மீண்டும் செல்லாமல், வீக்கம் வற்றிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து. மேற்பல்லைப் பிடுங்கினாற் கண்பார்வை மங்கும் என்ற அச்சமும் நம்மிடையே உண்டு. அது வீண் அச்சம். கண்ணுக்குத் தீங்கு, அழுகிய பல்லை வைத்திருப்பதனாலேதான் வரும்.

பிள்ளைகளைப் பொறுத்தமட்டில், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிலே மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ளோரைப் பார்க்கின்றார்கள். நியூசிலாந்தில் 1921 இல் தொடங்கிய முறையைத் தழுவியது அது. பாற்பல்தானே, விழுந்துவிடும் என்று சொல்லாதீர்கள். பாற்பல்லிலும் சிதல் கட்டும். கீழே முளைக்கக் காத்திருக்கும் பல்லையும் அது கெடுக்கும். மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் விசுவமடுவிலும் உள்ள பெற்றோர் கூலியை இழந்து, பேருந்துக்குக் காத்திருந்து பிள்ளையைக் கொண்டுபோவது எளிதன்று என்பதை நான் அறிவேன். வலி எழுந்த முதல் வாரத்தில் அதற்கு ஒரு காலைப்பொழுது போதும். வீங்கிய பின் எத்தனை நாட் செல்லும் என்று எவராலும் சொல்ல இயலாது.

கன்னமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, குரல் மாறுதல், மூச்சு முட்டுதல், கண் மூடும் அளவுக்கு வீங்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும், வட மாகாணத்தில் 2018 முதல் இச்சேவை நடைபெறுகின்றது, கட்டணம் இல்லை. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்காரச் செய்யுங்கள்.