எந்தச் சரக்கு எதைத் தாங்கும்?
(செஞ்சியில் நடந்த கூட்டத்தில் பேசியது)



2025-ல் யுனெஸ்கோ நமது செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து ராஜகிரியின் உயரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நாம் இன்று பேச வந்தது மலையைப் பற்றியல்ல. கலியாண மகாலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த சுட்ட மண் குழாயைப் பற்றியேயாகும். இரும்பு துருப்பிடிக்கும், சுட்ட மண் துருப்பிடிக்காது. இது தெய்வச் செயலா? இல்லை, சரக்கின் குணம்.

நமது வீட்டுப் பெண்களுக்கும் இது தெரியும். ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில்தான் போடுவார்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பை வைக்கமாட்டார்கள். வைத்தால் களிம்பு ஏறும். ஆனால் பிளாஸ்டிக், ரப்பர் விஷயத்தில் மாத்திரம் நாம் அறிவை அடகு வைத்துவிட்டு, "ரப்பர்தானே, எதையும் தாங்கும்" என்கிறோம். இது சுத்த மூட நம்பிக்கையாகும்.

ஒரு ரப்பர் வளையத்தை மண்ணெண்ணெயில் போட்டு மறுநாள் பாருங்கள். ஊதிப் பெருத்து, வலுவிழந்து கிடக்கும். ஆனால் அதே ரப்பர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்கும். அந்த அமிலம் வைக்கும் இரும்புத் தொட்டிகளுக்கு உள்ளே ரப்பரையே ஒட்டுகிறார்கள். வீரியமான நைட்ரிக் அமிலமோ ரப்பரை அரித்துத் தீர்த்துவிடும். கண்ணாடியைத் தின்னும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் சாதாரண பாலித்தீன் போத்தலில் அடங்கிக் கிடக்கிறது. தெர்மோகோலோ பெட்ரோல் பட்டதும் கரைந்துபோகிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் நல்லது என்றொரு சரக்கு கிடையாது. எதற்கு எது என்று பரீட்சை செய்துதான் அறியவேண்டும்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். நெல்லுக்கும் மணிலாக்கொட்டைக்கும் மருந்தடிக்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கிற மருந்துகள் பெரும்பாலும் எண்ணெய் போன்ற திரவத்தில் கரைத்தவை. அது சாதாரண ரப்பர் உறைக்குள் ஊடுருவும். உறையில் ஓட்டை தெரியாது. ஆனால் மருந்து தோலைச் சேர்ந்துவிடும். அதற்கு நைட்ரில் என்னும் செயற்கை ரப்பரில் செய்த கனமான உறை மேல். அதையும் வேலை முடிந்ததும் கழுவவேண்டும். விரிசல் கண்டால் எறியவேண்டும். பம்புக்குப் பொட்டு வைப்பதால் கை பிழைக்காது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சாக்கடையிலும் மலக்குழியிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. ஈரச் சுவரில் வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அது சிமெண்டையே அரிக்கிறது. அதனால்தான் அங்கே மெருகிட்ட மண் குழாயையும் பிளாஸ்டிக் குழாயையும் போடுகிறார்கள். குழாய்க்கு இவ்வளவு யோசனை செய்கிற நாம், அதற்குள் இறக்கிவிடுகிற மனிதனுக்கு என்ன யோசனை செய்தோம்? சிமெண்டு தாங்காததை அவன் தோல் தாங்குமா? "அவர்களுக்குப் பழக்கம்" என்கிறார்களே, பிறவியிலேயே ஒருவனுக்கு நைட்ரில் தோல் வாய்த்துவிடுமா?

கையுறை கொடுத்தால் போதும் என்றும் நினைக்கவேண்டாம். கையுறை வாயுவைத் தடுக்காது. அந்த வாயு மிகுந்தால் மூக்கும் மரத்துப்போய், நாற்றமே தெரியாமல் ஆள் சாய்வான். 2013-ஆம் வருஷத்துச் சட்டம் பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2023-ல் உச்சநீதிமன்றம் இத்தகைய சாவுக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்றது. போன உயிரை அந்தப் பணம் கொண்டுவருமா? குழிக்கு இயந்திரமே இறங்கட்டும்.

ஆகவே தோழர்களே, கடையில் உறை வாங்கும்போது விலையை மாத்திரம் கேட்காதீர்கள், "இது எதைத் தாங்கும்?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக் குழியைச் சுத்தம் செய்ய ஆளைத் தேடாதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். சரக்குக்குத்தான் ஜாதி உண்டு. அதையும் பரீட்சையில்தான் அறியமுடியும். மனிதன் தோலுக்கு ஜாதி இல்லை; எவன் தோலானாலும் அமிலம் பட்டால் வேகும்.