சினத்திற்கும் சொல்லுக்கும் நடுவே



சினத்தைப் பற்றிப் பேச வருகிறவன் சினத்தை வென்றவனாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், நான் இந்த ஒலிவாங்கியின் முன் அமரத் தகுதியற்றவன். சினத்திடம் தோற்றவன் என்ற முறையிலேதான் உங்களோடு பேசுகிறேன். தோற்றவனுக்கும் சொல்லுவதற்குச் சில செய்திகள் உண்டு. எந்த இடத்தில் கால் இடறியது என்பது அவனுக்குத்தானே தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் முற்றத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டியாக வேண்டும். என் பங்கை நான் கட்டிவிட்டேன். வெளியூரில் இருந்த என் தம்பி தன் பங்கைப் புதன்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். புதன் போயிற்று, வியாழனும் பாதி போயிற்று. எனக்கோ இரண்டு இரவாக உறக்கமில்லை. அன்று பிற்பகல் மூன்று மணி வரை ஒரு வாய்ச் சோறும் உள்ளே போகவில்லை. அந்த வேளையில், பணம் கட்டச் சொல்லி மறுபடியும் ஆள் வந்தது. கைப்பேசியை எடுத்தேன். உறவினர் இருபது பேர் படிக்கும் குடும்பக் குழுவிலே, 'பெற்ற தாயைவிடப் பணம் பெரிதாகிவிட்டவனுக்கு இனி இந்த வீட்டில் என்ன வேலை?' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஒரு நிமிடத்திற்குள் நெஞ்சு சுட்டது. எழுதியதை அழித்தேன். அழித்ததற்கு அடையாளமாக ஒரு வரி மட்டும் அங்கே நின்றது. ஆனால் படிக்க வேண்டியவன் படித்துவிட்டான்.

சனிக்கிழமை காலை பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. அதனுடன் ஒரு சொல்லும் வரவில்லை. பின்னால் அவன் மனைவி சொல்லித்தான் எனக்குச் செய்தி தெரிந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டிருந்தானாம். அது கைக்கு வர இரண்டு நாள் தாமதமாயிற்றாம். கடன் வாங்கித்தான் கட்டுகிறேன் என்று அண்ணனிடம் சொல்ல அவனுக்கு நாணம். தாயார் தேறி வீடு திரும்பினார். தம்பி அவரைப் பார்க்க வந்தான். நான் வீட்டில் இல்லாத வேளையாகப் பார்த்து வந்தான். இரண்டு பொங்கல் அப்படியே கழிந்தன.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நேர்ந்தது என்ன? இதைப் பிறகு பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். சில நூல்களையும் தேடிப் படித்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன் என்பவர், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவை உடலில் உண்டாக்கும் மாறுதல்களை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். சினம் மூண்டவுடன் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. பகையை எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. மூளையினுள்ளே வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்றோர் உறுப்பு உண்டு. ஆபத்து என்று கண்டவுடன் மணியடிக்கும் காவற்காரன் போன்றது அது. வந்தவன் திருடனா விருந்தினனா என்று நிதானித்துப் பார்க்கும் வேலை நெற்றிப்புறத்து மூளையுடையது. அது சற்றுத் தாமதித்தே வந்து சேர்கிறது. பசியும் உறக்கமின்மையும் சேர்ந்துவிட்டால் இன்னும் தாமதம்.

காட்டில் புலியைக் கண்டவனுக்கு இந்த ஏற்பாடு உயிர் காத்தது. தம்பியின் பணம் வரவில்லை என்பதற்கும் உடல் அதே முரசைத்தான் கொட்டுகிறது. அதற்கு வேறு முரசு தெரியாது. என் செய்வது!

'மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்த்துவிடு. பாரம் இறங்கிவிடும்' என்று சொல்லுவோர் உண்டு. நானும் அப்படி நம்பியவனே. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிவிட்டது. வேண்டுமென்றே சினமூட்டப்பட்டவர்களில் ஒரு சாராரை, சினமூட்டியவனை நினைத்துக்கொண்டே ஒரு மூட்டையைக் குத்தும்படி விட்டார்கள். மற்றொரு சாராரைச் சும்மா உட்கார்ந்திருக்கச் செய்தார்கள். குத்தியவர்களுக்கே சினம் மிகுந்திருந்தது. சும்மா இருந்தவர்களுக்குத் தணிந்திருந்தது. ஊதினால் நெருப்பு வளருமே அன்றி அவியாது என்பது நம் அடுப்பங்கரைக்குத் தெரிந்த உண்மைதான்.

அப்படியானால் சினமே கொள்ளாதிருப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். இந்த இடத்தில் திருவள்ளுவரின் அதிகார அமைப்பை எண்ணிப் பாருங்கள். 'வெகுளாமை' 31ஆம் அதிகாரம்; அது துறவறவியலில் இருக்கிறது. 'பொறையுடைமை' 16ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. இந்த அமைப்பிலிருந்து நான் எனக்கென்று ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். சினமே எழாத உள்ளம் துறவிக்குரிய உயர்ந்த நிலை. மனைவி மக்களோடும், உடன்பிறந்தாரோடும், கடன்காரரோடும் வாழும் என் போன்றோருக்கு முதற்கடமை பொறுத்தல். எழுந்த சினம் சொல்லாக மாறுவதற்கு முன் சிறிது நேரம் அதைத் தாங்கி நிற்றல். இது நம்மால் இயலக்கூடியது.

இதற்கு ஒரு சான்று சொல்லுகிறேன். 1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் தோற்றுப் பின்வாங்கிய எதிரிப் படை, பொட்டோமாக் ஆற்றில் வெள்ளம் பெருகியதால் கரையிலே சிக்கி நின்றது. வென்ற தளபதி மீட் உடனே தாக்கவில்லை. எதிரி ஆற்றைக் கடந்து தப்பிவிட்டான். போரை முடிக்கக் கிடைத்த வாய்ப்பு கைநழுவியதே என்று குடியரசுத் தலைவர் லிங்கன் மிகவும் வருந்தினார். ஜூலை 14ஆம் நாள் மீட்டுக்குக் கடுமையான கடிதம் ஒன்று எழுதினார். எழுதியவர் அதை அனுப்பவில்லை, கையொப்பமும் இடவில்லை. அப்படியே உறையிலிட்டு, அனுப்பப்படாதது என்று குறித்து வைத்துவிட்டார். மீட்டோ, தலைவரின் அதிருப்தியைக் கேள்வியுற்று அன்றே பதவி விலக முன்வந்திருந்தார். அந்தக் கடிதமும் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! மீட் 1865இல் போர் முடியும் வரை அந்தப் படையின் தளபதியாகவே இருந்தார்.

லிங்கனுக்குச் சினம் வரவில்லையா? வந்தது. அதைத் தாளில் இறக்கிவைத்தார். தாளை மேசைக்குள் வைத்தார். என் கையில் இருந்த கருவிக்கோ மேசையறை இல்லை. எழுதுவதும் அனுப்புவதும் அதில் ஒரே விரலின் வேலை. ஆகவே அந்த மேசையறையை நானே அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நெஞ்சு படபடக்கும் வேளையில் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூச்சை மெல்ல, நீள வெளியே விடுகிறேன். அப்போது இதயத் துடிப்பு சற்றே தணிகிறது. உண்டேனா, உறங்கினேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சொல்லியே ஆகவேண்டும் என்றால் தாளில் எழுதி, விடியும் வரை வைத்திருக்கிறேன். இவற்றை அமைதியான நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கரை போட முடியாது.

பொறுத்தல் என்றால் குறையை விழுங்கிவிடுதல் என்று எண்ணிவிடாதீர்கள். நியாயமான குறை விடிந்த பிறகும் நியாயமாகவே இருக்கும். அப்போது உரியவரிடம் தனியே, ஒரு கேள்வியோடு தொடங்கலாம். 'தம்பி, பணத்துக்கு ஏதும் தடையா?' என்று அன்று கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

மூன்றாம் பொங்கலன்று நான் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன், எந்த இருபது பேர் படிக்க அவனைப் பழித்தேனோ, அவர்கள் படிக்கவே என் பிழையை ஒப்புக்கொண்டு எழுதினேன். அவன் இலை போட்டுச் சோறிட்டான். இப்போது என்னோடு பேசுகிறான். ஆயினும் முன்னெல்லாம் நான் அழைத்தால் ஊர்க்கதையோடு தொடங்குகிறவன், இன்று, 'என்னண்ணா, என் மேலே ஏதும் குறையா?' என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறான்.

அந்தக் கேள்வி நின்றுபோகும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். பொறுத்திருப்பது இப்போது என் முறை.