பனிவண்டியின் பின்பக்க ஷாக்கும் நானும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷம் பேசு தம்பி, உன் வேலையைப் பற்றி ஏதாவது சொல்லு" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். வெளிநாட்டில் இருப்பவன், கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேசப் போவது ஒரு ஷாக் அப்சார்பரைப் பற்றி. அதுவும் நம் ஊரில் யாரும் ஓட்டாத ஒரு வண்டியின் ஷாக் அப்சார்பர். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் கியூபெக் மாகாணத்தின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம், மின்பாதைகளைச் சோதிக்கும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே 735 கிலோவோல்ட் கம்பிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காட்டுக்குள்ளேயே ஓடுகின்றன. பனிக்காலத்தில் கோபுரங்களுக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஸ்னோமொபைல்தான். முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல ஒரே ஒரு அகன்ற ரப்பர் பெல்ட், நடுவில் என்ஜின். மோட்டார் சைக்கிளும் புல்டோசரும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் பிள்ளை மாதிரி இருக்கும்.

இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு துக்கக் கதை உண்டு. கியூபெக்கில் வல்கூர் என்ற சிற்றூரில் 1907-ல் பிறந்தவர் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே. அங்கே மெக்கானிக் கடை வைத்திருந்தார். 1934-ஆம் ஆண்டு பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் அழற்சி வந்தது. பனியில் வழியெல்லாம் அடைபட்டுக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டியை அதற்கு முன்பே சோதித்துக்கொண்டிருந்தவர், பிறகு அதில் முழு மூச்சாக இறங்கினார். ரப்பர் பெல்ட்டைப் பல்சக்கரத்தால் இழுக்கும் அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் பி-7 என்ற வண்டி வந்தது. ஒருவர் இருவர் ஓட்டும் சிறிய 'ஸ்கி-டூ' வெளிவந்தது 1959-ல். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத துயரத்தை அறிந்தவர் செய்த வண்டி என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

இப்போது பின்பக்க சஸ்பென்ஷன். ரப்பர் பெல்ட்டின் வளையத்துக்கு உள்ளேயே இரண்டு நீண்ட தண்டவாளங்கள் மாதிரி இருக்கும். அடியில் பிளாஸ்டிக் பட்டை. பெல்ட் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். இந்தத் தண்டவாளங்களை வண்டியின் உடம்போடு இணைப்பது முன்கை, பின்கை என்று இரண்டு கைகள். ஒவ்வொரு கைக்கும் ஒரு ஷாக். எங்கள் வண்டியில் பின்கைக்கு இரண்டு டார்ஷன் ஸ்பிரிங், அதாவது எலிப்பொறியில் இருக்குமே, அந்த மாதிரி முறுக்கு ஸ்பிரிங். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குலுங்கலை அடக்குவது ஷாக். இந்த இரண்டு வேலையையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. நானே குழப்பியிருக்கிறேன்.

ஷாக் செய்வது ஒன்றே ஒன்றுதான். அசைவைச் சூடாக மாற்றுகிறது. ஒரு சின்னக் கணக்கு. 300 கிலோ எடை, மேட்டுக்கு மேடு 5 சென்டிமீட்டர் விழுகிறது, விநாடிக்கு ஐந்து மேடு என்று வையுங்கள். ஏறக்குறைய 735 வாட். நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி 750 வாட். ஆக, பெல்ட்டுக்கு உள்ளே ஒரு இஸ்திரிப்பெட்டி எரிகிற மாதிரி. வெளியே மைனஸ் 30 டிகிரி என்றாலும், உள்ளே எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும். சாதாரண ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் ஒரே குழாய்க்குள் கலந்து நுரை பொங்கும். நுரை பிஸ்டன் ஓட்டை வழியே எதிர்ப்பில்லாமல் ஓடிவிடும். அரைமணி நேரம் ஓட்டினால் ஷாக் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

இதற்கு மருந்தாக வந்தது ஒற்றைக் குழாய் ஷாக். 1950-களில் பிரான்சின் தெ கார்போன் என்ற பொறியாளர் கொடுத்தது. எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நடுவே மிதக்கும் பிஸ்டன் ஒன்றை வைத்து, பின்னால் அழுத்தமான நைட்ரஜனை அடைத்தால் நுரை வராது. பிஸ்டனின் இரு முகத்திலும் மெல்லிய எஃகு வட்டங்களை அடுக்கியிருப்பார்கள். ஷிம் என்பார்கள். எண்ணெய் அந்த வட்டங்களை வளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். வட்டம் எத்தனை, எவ்வளவு தடிமன் என்பதை மாற்றினால் ஷாக்கின் குணமே மாறும்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒதுக்கிய வண்டி பழையது. சாயங்காலம் இறங்கினால் முதுகு இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும். "நான் மெக்கானிகல் என்ஜினீயர், இதை நானே சரிபண்ணுகிறேன்" என்று மேலதிகாரியிடம் மார்தட்டினேன். அவரும் பணம் ஒதுக்கினார். தனி எண்ணெய்க் கிண்ணம் வைத்த, திறந்து மறுபடி கட்டக்கூடிய நல்ல ஒற்றைக் குழாய் ஷாக் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

ஆர்டர் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஓட்டுபவரின் எடை என்ன? 66 கிலோ என்று எழுதினேன். எழுத அரை விநாடி ஆகியிருக்கும்.

ஷாக் வந்தது. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, முறுக்கு ஸ்பிரிங்கின் காலைக் கொக்கிக் கருவியால் விடுவித்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, புதுசை மாட்டினேன். ஸ்பிரிங் இழுவையையும் கடினமான மூன்றாம் நிலையிலிருந்து மென்மையான முதல் நிலைக்கு இறக்கினேன். மறுநாள் ஓட்டிப் பார்த்தால், அடடா! பஞ்சு மெத்தைதான். என் டேம்பிங் கணக்கெல்லாம் கண் முன்னால் வேலை செய்கிறது. வீட்டுக்கு போன் போட்டு அப்பாவிடம்கூடப் பெருமை பேசினேன்.

மூன்று வாரம் கழித்து எனக்குக் கூடாரத்தில் அறிக்கை எழுதும் வேலை. அன்று என் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் சக ஊழியர் ஒருவர். குளிருடையோடு சேர்த்து 112 கிலோ. பின்னால் மரம் அறுக்கும் இயந்திரம், கருவிப்பை எல்லாமாக இன்னொரு 25 கிலோ. காலை பத்து மணிக்கு ஓடைக்கரை ஒன்றில் பனி மூடிய பள்ளம். ஒரு மீட்டர் ஆழம் இருக்கும். அவர் உட்கார்ந்தபடியே அதில் இறங்கிவிட்டார். சஸ்பென்ஷன் அடிவரைக்கும் போய் முட்டியது. மார்பும் இடுப்பும் சேருகிற இடத்தில் முதுகெலும்பு நசுங்கிவிட்டது.

வானம் மூடியிருந்ததால் ஹெலிகாப்டர் வரவில்லை. இன்னொரு பனிவண்டிக்குப் பின்னால் சறுக்குப் படுக்கையைக் கட்டி, அதில் அவரைக் கட்டி, 40 கிலோமீட்டர் இழுத்துவந்தோம். நான்கு மணி நேரம். முன்னால் ஓட்டியவர் எங்கள் மெக்கானிக். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த கிரீ இனத்துப் பெரியவர். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு மேட்டிலும் அவர் கத்துவது ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்டது. வல்கூரில் வண்டியில்லாமல் ஒரு பிள்ளை போய்ச்சேர்ந்தது. இங்கே வண்டி இருந்தது, அந்த வண்டியைத்தான் நான் கெடுத்து வைத்திருந்தேன்.

மறுநாள் மெக்கானிக் அந்த வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்தார். திட்டவில்லை. ஒரு மரக்கட்டையில் மேல் பம்பர் இருக்கும் உயரத்தைப் பென்சிலால் குறித்தார். என்னை உட்காரச் சொன்னார், குறித்தார். பிறகு 112 கிலோவும் 25 கிலோவும் வரும்படி இரும்புத் துண்டுகளை ஏற்றி மறுபடி குறித்தார். மூன்று கோடுகள். மூன்றாவது கோடு எங்கேயோ கீழே கிடந்தது.

"நீ யாருக்காக இதைக் கட்டினாய்?" என்று கேட்டார். அவ்வளவுதான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஒரு மீட்டர் விழுந்து, பின்பக்கம் இருக்கிற 30 சென்டிமீட்டர் முழுவதிலும் சீராக நின்றால், உடம்பின் எடையைப் போல நான்கு மடங்குக்குச் சற்று அதிகமான விசை. தாங்கலாம். ஷாக் மென்மையாக விட்டுக்கொடுத்து, கடைசி 5 சென்டிமீட்டருக்குப் பாதி ஆற்றல் மிச்சமிருந்தால் அதே விசை 13 மடங்கு. மென்மை என்று நான் கொண்டாடியது கனமான ஆளுக்கு அடியில் வந்து சுத்தியலாக அடிக்கும்.

இரண்டாம் ஆண்டு அதிர்வியல் ஆய்வகம் ஞாபகம் இருக்கிறதா? மேல்மாடியில், ஜன்னல் ஓரம், ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு ஸ்டாப் வாட்சோடு நிற்போம். தேவைப்படும் டேம்பிங், எடையையும் ஸ்பிரிங் விறைப்பையும் பெருக்கி அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எடை மாறினால் மற்ற இரண்டும் மாற வேண்டும். அந்தச் சோதனைக்கு எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது. அந்த சமன்பாட்டில் 'எம்' என்று ஒரு எழுத்து வருமே, அது தட்டில் வைக்கிற இரும்பு வில்லை என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு ஆள். அவருக்கு வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு.

பிறகு அந்த வண்டியை நானும் மெக்கானிக்கும் சேர்ந்து சரிசெய்தோம். அவர் சொல்லிக்கொடுத்த வரிசையை அப்படியே சொல்கிறேன். இங்கே பைக்கோ காரோ பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் உதவும்.

முதலில், புது ஷாக் வாங்குவதற்கு முன் பழைய அமைப்பைப் பாருங்கள். புஷ்ஷும் பேரிங்கும் தேய்ந்திருந்தால் எந்த ஷாக்கும் காப்பாற்றாது. எங்கள் வண்டியில் இரண்டு புஷ் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது, ஸ்பிரிங். ஆள் ஏறினால் வண்டி எவ்வளவு உட்காருகிறது என்று அளக்க வேண்டும். மொத்த ஏற்ற இறக்கத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது பொதுக் கணக்கு. இழுவையைக் கூட்டியும் அந்த அளவு வராவிட்டால் விறைப்பான ஸ்பிரிங்தான் போட வேண்டும். இழுவையைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடாது. நிற்கும் உயரம் மட்டுமே மாறும். ஸ்பிரிங்கின் வேலையை ஷாக்கிடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, எழும்பும் வேகம். மேட்டில் அமுங்கிய பின்பக்கம் அடுத்த மேட்டுக்குள் எழுந்துவிட வேண்டும். மெதுவாக எழுந்தால் மேட்டுக்கு மேடு அமுங்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஏற்ற இறக்கமே இல்லாமல் போகும். அதிவேகமாக எழுந்தால் குதிரை மாதிரி உதைக்கும்.

நான்காவதுதான் அமுங்கும் எதிர்ப்பு. அதையும் குளிர்ந்த வண்டியில் வைக்காதீர்கள். குளிரில் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரு திருகு, ஒரு சொடுக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். பனிக்கட்டி உறைந்த தண்டு ஷாக்கின் சீலை அறுத்துவிடும் என்பதால் சீசன் முடிந்ததும் திறந்து எண்ணெயும் சீலும் மாற்றுவது நல்லது.

ஐந்தாவது மெக்கானிக்கின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஹேண்டில் கம்பியில் ஒரு தகரச் சீட்டு கட்டினார். இந்த வண்டி எத்தனை கிலோவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது, ஸ்பிரிங் எந்த நிலை, திருகு எத்தனை சொடுக்கு. சாவி எடுக்கும் ஆள் அதைப் படித்துத் தன் எடைக்கு மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். செலவு ஒன்றுமில்லை. அந்த ஷாக் விலையில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஷாக்கின் ஷிம் அடுக்கையும் பிரித்து, வண்டியை எடுக்கக்கூடியவர்களில் கனமானவருக்குப் பொருந்தும்படி மறுபடி கட்டினோம். எனக்குச் சவாரி கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடிபட்டவர் அந்தப் பனிக்காலம் முழுக்க இடுப்புப் பட்டையோடு இருந்தார். நடக்கிறார். காட்டு வேலைக்குத் திரும்பவில்லை, அலுவலகத்தில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் 66 என்று எழுதியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாலம் கட்டுபவர்கள் இருக்கிறீர்கள், பாய்லர் போடுபவர்கள் இருக்கிறீர்கள், மருந்து ஆலையில் இருக்கிறீர்கள், மென்பொருள் எழுதுகிறீர்கள். உங்கள் மேஜைக்கும் இப்படி ஒரு கட்டம் உள்ள படிவம் வரும். நிரப்புவதற்கு முன் அரை விநாடிக்குப் பதில் அரை நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இல்லாத நாளில் அதை யார் எடுத்து ஓட்டப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். மாற்றிவைத்தால் ஒரு சீட்டாவது எழுதிக் கட்டிவிட்டுப் போங்கள்.

அதிர்வியல் எடுத்த சார் இன்று வந்திருக்கிறார். சார், அந்தப் பத்தொன்பது மார்க்கை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை.