நேரம் காட்டும் நோயிடம்

திருமுட்டத்துத் தமிழன்பர்களே!

இவ்வூர்க்கும் தில்லைக்கும் இடையே ஏதோ ஓர் ஊரினின்று இருவர் ஒரே நேரத்தில், ஒத்த விரைவுடன், ஒருவர் இங்கும் மற்றவர் அங்குமாகப் புறப்பட்டால், வந்துசேர்ந்த நேரங்களின் வேறுபாடே புறப்பட்ட ஊரைக் காட்டிவிடும். புற்றுநோயைக் காட்டும் நேர்மின்னன் படக்கருவியின் புதுநுட்பம் இதுவே.

உடலிற் செலுத்திய மருந்து, பாசிட்ரான் என்று பிறர் கூறும் நேர்மின்னனை உமிழும். அஃது எதிர்மின்னியொடு கூடி அழியுங்கால், இரு காமாக் கதிர்கள் எதிரெதிரே பாயும். பழைய கருவி அவற்றை இணைக்கும் கோட்டை மட்டுமே அறிந்தது. பிறந்த இடம் அறியாமையால் கோடு முழுதும் பரப்பிப் படம் வரைந்தது. அவ்வாறு பரப்பி மங்கும் படத்தைத் தெளிவிக்கும் கணக்குமுறையை, ஊடுகதிர்ப் படங்களுக்கென 1971-இல் வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுநாள் ஆய்ந்த கோ. நா. இராமச்சந்திரனும் அ. வ. இலக்குமிநாராயணனும். உலகம் இன்றும் அதனை அவ்விருவர் பெயராலேயே அழைக்கின்றது.

நேரமளக்கும் கருவி மேலுஞ் சென்றது. நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் ஒளி 30 செ.மீ. கடக்கும். அப்பங்கிலும் ஐந்திலொன்று வரை பிரித்தளந்தால், கதிர் பிறந்த இடம் 3 செ.மீ. அளவிற்குள் அடங்கும். பரப்பும் நீளம் குறையக் குறைய இரைச்சல் தணியும். பருத்த உடலிலும் சிறுகட்டி தெளியும்.

அக்கருவிக்குள் படுக்கும் உழவர், தம் உடலில் நிகழ்வதைத் தம் மொழியில் அறிதல் வேண்டும். அறியச் சொல்லத் தமிழால் இயலும்; சொல்லுதல் கற்றோர் கடன்!