படிச்சுட்டீங்களா, எப்படி இருந்தது?

(பேரையூர் வட்டாரக் குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசிப்பைப் பற்றிப் பேசக் கணக்கு டீச்சரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தமிழாசிரியர்கள் நினைக்கலாம். நானும் கேட்டேன். "நீங்கதான டீச்சர் பஸ்ல எப்பவும் கதைப் புத்தகத்தோட வர்றீங்க" என்றார்கள். சரி, அந்தத் தகுதியிலேயே பேசுகிறேன்.

நம்ம ஊரிலிருந்து தெற்கே விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி தாண்டினால் இடைசெவல். இங்கே பருத்தி வெடிக்கும் அதே கரிசல் மண்தான் அங்கேயும். அந்தச் சின்ன ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, இன்னொருவர் கி. ராஜநாராயணன். கி.ரா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், விவசாயி. அழகிரிசாமி வேலை தேடிச் சென்னைக்குப் போனார். பத்திரிகைகளில் வேலை பார்த்தார், மலேசியாவில் 'தமிழ் நேசன்' பத்திரிகையிலும் சில ஆண்டுகள் இருந்தார். ஊரைவிட்டுப் போன நண்பர் இங்கே இருந்தவருக்குக் கடிதம் எழுதினார். கி.ரா. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். பிற்பாடு அவை நூலாகவும் வந்தன.

நான் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். கி.ரா.வின் 'மாயமான்' கதை 'சரஸ்வதி' இதழில் வந்தது 1958இல். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதுவரை அவர் என்ன செய்தார்? விவசாயம் பார்த்தார், பாட்டுக் கேட்டார், படித்தார், படித்ததைப் பேசினார். குற்றாலத்தில் இருந்த ரசிகமணி டி.கே.சி.யிடம் நண்பர்கள் இருவருக்கும் தீராத பிரியம். டி.கே.சி. அதற்கு முன்பே திருநெல்வேலியில் தன் வீட்டு முற்றத்தில் 'வட்டத்தொட்டி' என்று நண்பர்களைக் கூட்டி வைத்து, கம்பனை வாய்விட்டுப் படித்து ரசித்தவர். பாடத்திட்டமோ தேர்வோ கிடையாது. ஒருவருக்குப் பிடித்ததை அடுத்தவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்படிப் பேசிப் பேசியே வளர்ந்த விவசாயி 1976இல் 'கோபல்ல கிராமம்' நாவலைத் தந்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் இருந்தார். அழகிரிசாமிக்கு அதே விருது 1970இல், அவர் இறந்த பிறகு கிடைத்தது. ஒரே ஊரில், ஒரே சிநேகிதத்தில் இரண்டு அகாதெமி விருதுகள். இதை மண்ணின் மகிமை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பக்கத்து ஊர்களிலும் அதே மண்தானே? இவர்களுக்குப் படித்ததைச் சொல்ல ஓர் ஆள் இருந்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். ஒரு புத்தகம் படித்தால் நாம் பிள்ளைகளிடம் என்ன கேட்கிறோம்? நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பக்கங்கள், நூல் உணர்த்தும் நீதி. நாலு கட்டம் போட்ட தாள். பிள்ளை பின் அட்டையைப் பார்த்தே அதை நிரப்பிவிடும். நண்பர்கள் யாராவது இப்படிக் கேட்டுக்கொள்வார்களா? "படிச்சுட்டியா? எப்படி இருந்தது? அவன் செஞ்சது சரியா?" இப்படித்தான் கேட்போம்.

நாங்கள் ஐந்தாறு பேர் திருமங்கலத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறோம். டிபன் பையில் ஏதாவது ஒரு நாவல் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்களோடு வரும் பி.இ.டி. சார் ஒருவர், "நமக்கும் புத்தகத்துக்கும் ஆகாது டீச்சர்" என்று கடைசி சீட்டுக்குப் போய்விடுவார். அவரிடம் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' கொடுத்தோம். செல்லப்பா நம்ம பக்கத்து வத்தலக்குண்டுக்காரர். மெலிந்த புத்தகம், ஜல்லிக்கட்டுக் கதை. தன் தகப்பனைக் கொன்ற காரி என்ற காளையை அணைய வருகிறான் பிச்சி. போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அவ்வளவுதான், சார் முடித்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் ஒரே சண்டை. கடைசியில் ஜமீன்தார் தன் காளையைத் தானே சுட்டுவிடுகிறார் அல்லவா? "தோத்த மாட்டை வச்சிக்கிட்டு அந்தாளு ஊருக்குள்ள எப்படி நடப்பாரு?" என்றார் சார். தொடக்கப்பள்ளி டீச்சர் ஒருவர் விடவில்லை. "மாடு என்ன சார் பண்ணுச்சு? கௌரவம் அவருக்கு, குண்டு மாட்டுக்கா?" என்றார். டி. கல்லுப்பட்டி வந்தும் முடியவில்லை. கண்டக்டரே திரும்பி, "எந்த ஊரு மாடும்மா?" என்று கேட்டார். அடுத்த வாரம் சார் என்னிடம் வந்து, "இதே மாதிரி வேற இருக்கா?" என்றார். ஐம்பது வயதில் ஒருவர் வாசகரான கதை இது. பயிற்சி வகுப்பு எதுவும் நடத்தவில்லை. அவருக்குத் தெரிந்த விஷயத்தில் ஒரு புத்தகம், மறுத்துப் பேச ஒரு சிநேகிதி, இரண்டும் கிடைத்தன.

வகுப்பில் கி.ரா.வின் 'பிஞ்சுகள்' குறுநாவலை, பாடம் முடிந்து மிஞ்சும் நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். கரிசல் காட்டில் பறவை முட்டைகளைத் தேடித் திரியும் சிறுவனின் கதை. கணக்கில் வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, கவுதாரி தரையில் எங்கே முட்டையிடும், அதைத் தொட்டால் தாய் என்ன செய்யும் என்று பத்து நிமிடம் பேசினான். அவன் ஆடு மேய்க்கிறவன். அன்றைக்கு வகுப்புக்கு அவன்தான் சார்.

கதையின் முடிவில் அந்தச் சிறுவன் படிப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்புகிறான். வாசித்து நிறுத்தியதும் ஒரு மாணவி கேட்டாள்: "போனவன் திரும்பி வந்தானா டீச்சர்?" கதையில் அதற்குப் பதில் இல்லை என்றேன். "ஆம்பளைப் பையன், போகட்டும்னு விட்டாங்க. பொம்பளைப் பிள்ளைன்னா விட்டிருப்பாங்களா?" என்றாள் பின் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி. மேல்படிப்புக்கு விடுதியில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவள் வீட்டில் அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். 'நூல் உணர்த்தும் நீதி' என்ற கட்டத்தில் இந்தக் கேள்வியை அவள் எழுதியிருப்பாளா? அந்த வாரமே அவள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. இப்போது அவள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். புத்தகம்தான் அவளை அனுப்பியது என்று சொல்ல மாட்டேன். அவள் வாயைத் திறக்க வைத்தது புத்தகம்தான்.

இனி பீரோ விஷயம். நம்மில் பலருக்கு நூலகப் பொறுப்பு இருக்கிறது. சாவியும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. தொலைந்தால் யார் பதில் சொல்வது? நியாயமான பயம்தான், நான் கேலி செய்யவில்லை. ஆனாலும் பத்து வருடமாக ஒருவரும் தொடாத புத்தகம் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. நான் செய்வது இது: புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்கும்போதே, படித்ததும் யாரிடம் கொடுப்பாய் என்று கேட்டு, அந்தப் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். கேட்டு வாங்கச் சிநேகிதி காத்திருந்தால் புத்தகம் அவ்வளவாகத் தொலைவதில்லை. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களில் தொடங்கினால் இன்னும் எளிது.

அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைப் படிக்காதவர்கள் இன்றைக்கே படித்துவிடுங்கள். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து தரும் ஒருவரின் கதை. அவர் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் டைரி கொடுக்கிறார். விடுபட்ட சாரங்கன், தானே ஒரு டைரியை எடுத்து வந்து, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். டைரி அவனிடமே இருக்கிறது. அவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரி. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்தக் கதையை நினைக்காமல் என்னால் புத்தகம் கொடுக்க முடிவதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு புத்தகம் கொண்டு வாருங்கள். உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும், பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டியதில்லை. தேநீர் இடைவேளையில் மாற்றிக்கொள்வோம். அப்புறம், எங்கள் பஸ் 'வாடிவாசல்' மூன்று மாதமாகக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது இந்த அறையில் யாரிடமோ இருப்பதாகக் கேள்வி. இருக்கிறவர்கள் படித்து முடித்துவிட்டால், பின் வரிசையில் ஆங்கில டீச்சர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடுங்கள்.