ரப்பர் நாட்டு மக்கள்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்குச் சொந்த ஊர்ப்பெயரைப் போல் இனிக்கும் சொல் வேறில்லை. எனக்கு அச்சொல் பெருங்கடவிளை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் ‘விளை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் எல்லையின் இருபுறமும் இன்றும் வழங்குகின்றன. விளை என்றால் தோட்ட நிலம்.

அத்தோட்டங்கள் பலவற்றில் இன்று நிற்பது ரப்பர் மரம். விடியுமுன்னரே தொழிலாளர் பட்டையைக் கீறிவிட, பால் சிரட்டையில் சொட்டுகிறது. அதில் அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் அழுத்தித் துணிபோல் கொடியில் உலர்த்துவார்கள். இம்மரத்தின் வித்துக்கள் 1876-இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்று, அங்கிருந்து கீழ்நாடுகளுக்கு வந்தவை. ஆனால் மரப்பாலைப் பயனுள்ள பொருளாக மாற்றும் கலை அதனினும் மிகப் பழையது. அதில் முற்பட்டவர்கள், மெக்சிகோவின் வளைகுடாக் கரையில் வாழ்ந்த ஓல்மெக் மக்கள்.

அந்நாட்டில் எல் மனாத்தி என்னும் சுனையின் சேற்றில் ரப்பர்ப் பந்துகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்தவை. அப்பகுதியின் பண்டை மக்கள் வேறு வகை மரம் ஒன்றின் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்தார்கள். அதனால் பால் உறைந்து, துள்ளும் தன்மை பெற்றது. இம்முறையின் நுட்பத்தை 1999-இல் அறிவியலார் ஆய்ந்து விளக்கினர். நம் தோட்டத்து அமிலத்தின் வேலையை அங்கே ஒரு காட்டுக்கொடி செய்தது!

இம்மக்களின் பெருநகரம் சான் லொரன்சோ. ஏறத்தாழ கி.மு. 1400 முதல் 1000 வரை அது சிறந்திருந்தது. பின்னர் லா வெந்தா தலையெடுத்து, கி.மு. 400 அளவில் ஒடுங்கியது. இவ்விடங்களிலும் அண்டையிலும் இதுவரை பதினேழு மாபெரும் கல் தலைகள் கிடைத்துள்ளன. மிகப் பெரியது மூன்று மீட்டருக்கும் உயரமானது. தூஸ்த்லா மலைப்பகுதியிலிருந்து அக்கற்களைப் பல மைல் தொலைவு கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியும் இல்லை, இழுக்க மாடும் இல்லை. மனிதரின் தோள்வலியே துணை. ஒவ்வொரு தலையின் முகமும் தலைக்கவசமும் தனித்தன்மை உடையவை. ஆதலால் இவை ஆண்ட மன்னர்களின் உருவங்கள் எனப் பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர்.

ஆனால் அம்மன்னருள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியாது. அந்த மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்தனர் என்பதும் தெரியாது. ‘ஓல்மெக்’ என்பது அஸ்தெக்குகளின் மொழிச்சொல். ‘ரப்பர் நாட்டார்’ என்பது அதன் பொருள். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கரையில் வாழ்ந்தவர்களுக்கு அஸ்தெக்குகள் இட்ட பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் அதனை எடுத்து இப்பழங்குடிக்குச் சூட்டிவிட்டனர். 2006-இல் அறிவிக்கப்பட்ட கஸ்காஹால் கல்லில் 62 குறிகள் உள்ளன. அவை எழுத்துத்தானா என்பதிலேயே ஐயமுண்டு. இதுவரை படித்தவரும் இல்லை.

எங்கள் ஊரிலும் பாண்டவன் பாறை என ஒரு பழம்பாறை உண்டு. பாண்டவர் தங்கிய இடம் என்பது ஊரார் வழக்கு. பழையவர்களின் பெயர் மறைந்த இடத்தில் பின்வந்தோர் தாமறிந்த பெயரை இடுவது எங்கும் உள்ள இயல்பு போலும்.

மொழிபெயர்ப்பே என் தொழில். சட்டத்தையும் சுற்றறிக்கையையும் மொழிபெயர்க்கலாம். பெயரை மட்டும் அப்படியே எழுதவேண்டும். எழுதிவைக்க ஆள் இல்லையேல் பெயர் போய்விடும். பல டன் எடையுள்ள கல்லும் அதனைக் காக்காது. நம் பிள்ளைகள் வாழும் மாநிலத்தின் மொழியை நன்கு கற்கட்டும். அது அவர்களுக்குச் சோறிடும் மொழி. அதனோடு தம் பெயரையும், பாட்டனார் பெயரையும், ஊரின் பெயரையும் தமிழில் எழுதக் கற்கட்டும். ஒரு மாலைப்பொழுதில் அவர்களை அருகே அமர்த்தி இம்மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ரப்பர் நாட்டாருக்குக் கிட்டாத பேறு அது.